கண் டெஸ்ட் சீட்டுல பவருக்கு அப்பால என்ன இருக்கு

*குடும்பக் குழு*

வசந்தா அத்தை, காலை 7:42
கண் டெஸ்ட் சீட்டு போட்டோ போட்டிருக்கேன் பாருங்க. போன வருஷம் வலது கண்ணுக்கு பிளஸ் 1.00, சிலிண்டர் மைனஸ் 0.50, ஆக்சிஸ் 180. இப்ப பிளஸ் 0.50, சிலிண்டர் பிளஸ் 0.50, ஆக்சிஸ் 90. எல்லா நம்பரும் மாறிப் போச்சே. கண் பிரஷர் மட்டும் நார்மல்னு சொன்னாங்க.

தேன்மொழி, 7:50
அத்தை, பவர் துளிகூட மாறல. முதல் நம்பர் ஸ்பியர், எல்லாத் திசைக்கும் பொதுவான பவர். சிலிண்டர்ங்கறது ஒரு திசைக்கு மட்டும் சேர்க்கற பவர், ஆக்சிஸ் அதை வைக்கற கோணம். ஒரே பவரை ரெண்டு விதமா எழுதலாம். சிலர் சிலிண்டரை மைனஸ்ல எழுதுவாங்க, சிலர் பிளஸ்ல. நீங்களே போட்டுப் பாருங்க: ஸ்பியரையும் சிலிண்டரையும் கூட்டுங்க. பிளஸ் 1.00-ம் மைனஸ் 0.50-ம் சேர்ந்தா பிளஸ் 0.50. அதுதான் புது ஸ்பியர். சிலிண்டர் அளவு அதேதான், குறி மட்டும் திரும்பும். ஆக்சிஸ் 90 டிகிரி தள்ளிப் போகும், 180 இருந்தது 90 ஆயிடும். இடது கண்ணுலயும் இதே கணக்கு சரியா வருது.

செல்வம் சித்தப்பா, 7:53
ஆமாக்கா, ரெண்டும் ஒரே லென்ஸ்தான். ஆனா ஒரு சீட்டுலேர்ந்து ஸ்பியரையும் இன்னொண்ணுலேர்ந்து ஆக்சிஸையும் யாரும் கலந்து எழுதிடக் கூடாது. ஆக்சிஸ் 30 டிகிரி தப்பினா சிலிண்டர் போட்டதுக்கே பலன் இல்ல, போடாம இருந்த அளவு மங்கல் வேற திசையில அப்படியே நிக்கும். சிலிண்டர் 2.00 மாதிரி பெருசா இருக்கறவங்களுக்கு 5 டிகிரி தப்பினாலே தலை கனக்கும்.

கார்த்தி, 7:58
மாமா, மெஷின்ல தாடையை வெச்சுப் பாத்தப்போ ஒரு சின்னச் சீட்டு வந்துச்சு. அதுல 0.25 வித்தியாசமா இருக்கே, எது சரி?

செல்வம் சித்தப்பா, 8:01
கையால எழுதிக் கொடுத்ததுதான்டா. மெஷின் சீட்டு ஆரம்பப் புள்ளி, அவ்வளவுதான். அதை வெச்சு யாரும் கண்ணாடி செய்யக் கூடாது. முக்கியமா குழந்தைங்களுக்கு. மெஷினுக்குள்ள எட்டிப் பாக்கறப்போ கிட்டத்துல பாக்கற மாதிரி கண்ணு இழுத்துப் பிடிக்கும், மைனஸ் கூடுதலாக் காட்டும். அதனாலதான் சொட்டு மருந்து விட்டு, அந்தப் பிடிப்பைத் தளர்த்திட்டுப் பாக்கறது.

செல்வம் சித்தப்பா, 8:04
அப்பறம் அக்கா, 'ஆட் பிளஸ் 2.25'னு இருக்குல்ல, அதுவே படிக்கற பவர் இல்ல. தூரப் பவரோட அதைக் கூட்டணும். வலது கண்ணுக்கு 0.50-ம் 2.25-ம் சேர்ந்து ஸ்பியர் பிளஸ் 2.75, சிலிண்டரும் ஆக்சிஸும் அப்படியே. தனியா படிக்கற கண்ணாடி செய்யச் சொன்னா இதுலதான் தப்பு நடக்கும்.

தேன்மொழி, 8:10
சரி, இப்ப பவரை விட்டுடுவோம். பவர்ங்கறது கண்ணுக்கு என்ன கண்ணாடி வேணும்னு சொல்றது. கண்ணு நல்லா இருக்கான்னு அது சொல்லாது. போட்டோவைப் பெருசாக்கி, 'கண்ணாடியோட பார்வை'ங்கற வரியைப் பாருங்க அத்தை. வலது 6/6. இடது 6/9, பக்கத்துல ஒரு 'பி'. அதுக்குக் கீழ 'பின்ஹோல்: கூடவில்லை'.

வசந்தா அத்தை, 8:12
அப்படின்னா என்னம்மா?

தேன்மொழி, 8:18
6/9-ன்னா, சராசரி கண்ணு 9 மீட்டர்ல நின்னு படிக்கற எழுத்தை நீங்க 6 மீட்டர்ல நின்னு படிக்கிறீங்க. 'பி'ன்னா அந்த வரியில ஒண்ணு ரெண்டு எழுத்து தப்பிடுச்சுன்னு அர்த்தம். சில சீட்டுல இதையே 20/20, 20/30-ன்னு அடிக்கணக்குல எழுதுவாங்க.

பின்ஹோல்ங்கறது சின்னத் துளை போட்ட கறுப்புத் தட்டு. அதை முன்னாடி வெச்சா, பவர் குறையால வந்த மங்கல் தெளியும். உங்களுக்குத் தெளியல. அப்போ இடது கண்ணோட மங்கலுக்குக் காரணம் கண்ணாடியில இல்ல, கண்ணுக்குள்ள இருக்கு. கண்ணாடியை எத்தனை தடவை மாத்தினாலும் அந்த ஒரு வரி வராது.

காரணத்தையும் சீட்டுலயே எழுதியிருக்காங்க. 'லென்ஸ்'ங்கற இடத்துல இடது பக்கம் 'பி.எஸ்.சி. 1 பிளஸ்'. புரை, லென்ஸோட பின் தோல்ல ஆரம்பிச்சிருக்கு. எதிர்வெயில்லயும் எதிர்ல வர்ற வண்டி வெளிச்சத்துலயும் இந்தக் கண்ணு அதிகமாக் கூசுமே?

வசந்தா அத்தை, 8:20
ஆமா, கூசுது. வயசானா எல்லாருக்கும் வர்ற புரைதானே?

தேன்மொழி, 8:24
வயசால வர்ற புரை பெரும்பாலும் நடுவுல மஞ்சளாகும். பின் தோல்ல வந்தா இன்னும் ரெண்டு காரணத்தைக் கேட்டாகணும்: சுகர், ஸ்டீராய்டு. உங்களுக்கு சுகர் இல்ல. ஸ்டீராய்டு மாத்திரை, மூச்சுக்கு இழுக்கற மருந்து, கண் சொட்டு, தோல்ல தடவற களிம்பு, எதாவது?

வசந்தா அத்தை, 8:26
மாத்திரை எதுவும் இல்ல. கண் அரிப்புக்கு ஒரு சொட்டு மருந்து விடுவேன், இடது கண்ணுலதான் அரிப்பு ஜாஸ்தி. அது ஸ்டீராய்டா என்னன்னு தெரியல.

தேன்மொழி, 8:28
பாட்டில்ல மருந்துப் பேரு எப்படி முடியுதுன்னு பாருங்க. டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன், ஃப்ளூரோமெத்தலோன், லோட்டிபிரெட்னால், இதுல எதாவது இருக்கா? ஆன்டிபயாடிக் பேரு முதல்ல பெருசா இருக்கும், இது ரெண்டாவது வரியில பொடி எழுத்துல இருக்கும்.

வசந்தா அத்தை, 8:37
ரெண்டாவது வரியில டெக்ஸாமெத்தசோன் 0.1 சதவீதம்னு இருக்கு.

தேன்மொழி, 8:44
எழுதிக் கொடுத்த டாக்டர் இல்லாம நீங்களா வாங்கி விடறதுன்னா, இன்னிக்கே கண் டாக்டருக்கு போன் பண்ணி, இதை எத்தனை மாசமா, ஒரு நாளைக்கு எத்தனை தடவை விடறீங்கன்னு சொல்லுங்க. நிறுத்தச் சொல்லி, அரிப்புக்கு வேற மருந்து தருவாங்க. ஆபரேஷனுக்கு அப்பறம் கொடுத்த சொட்டா இருந்தா மட்டும் சொந்தமா நிறுத்தக் கூடாது, அதைப் படிப்படியாத்தான் குறைக்கணும்.

ஏன் இவ்வளவு சொல்றேன்னா, இந்த மருந்து புரையோட நிக்காது. சிலருக்குக் கண்ணுக்குள்ள பிரஷரையும் ஏத்தும். வலி இருக்காது, சிவப்பு இருக்காது. இப்ப அந்த 'சி.டி.ஆர்.' வரியைப் பாருங்க. வலது 0.4, இடது 0.7.

கார்த்தி, 8:46
ஆனா பிரஷர் 16, 18. 10-லேர்ந்து 21 வரைக்கும் நார்மல்னு சீட்டுலயே அச்சாகி இருக்கே.

தேன்மொழி, 8:55
அந்த 'நார்மல்'ஐ நம்பித்தான் நிறைய பேர் சீட்டை மடிச்சு வெச்சுடறாங்க கார்த்தி. பிரஷர் அந்த ஒரு நிமிஷத்துக் கணக்கு. ஒரே நாள்லயே ஏறி இறங்கும். காத்து அடிச்சுப் பாக்கற மெஷின்ல கண்ணை இறுக்கினா, மூச்சைப் பிடிச்சா அதிகமாக் காட்டும். கருவிழித் தோல் மெலிசா இருந்தா குறைச்சுக் காட்டும். சராசரி கனம் 540 மைக்ரான் பக்கம், 480 இருக்கறவங்களுக்கு 18-ங்கறது நிம்மதியான 18 இல்ல. அதோட, பிரஷர் 21-ஐத் தாண்டாமலே கிளாக்கோமா, அதாவது பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாச் சாகற நோய், வர்றவங்களும் உண்டு.

சி.டி.ஆர்.ங்கறது நரம்புல நடந்து முடிஞ்சதைக் காட்டறது. பார்வை நரம்பு கண்ணுக்குள்ள நுழையற இடம் ஒரு வட்டம். நடுவுல ஒரு குழி. வட்டத்தோட அகலத்துல குழி எவ்வளவுங்கறதுதான் இந்த நம்பர். நரம்பு இழைகள் சாகச் சாக விளிம்பு மெலிஞ்சு குழி அகலமாகும். பொறக்கும்போதே வட்டம் பெருசா இருக்கறவங்களுக்குக் குழியும் பெருசா இருக்கும், அவங்களுக்கு 0.6 கூட சாதாரணமா இருக்கலாம். ஆனா ரெண்டு கண்ணுக்கும் நடுவுல 0.2-க்கு மேல வித்தியாசம் வந்தா ஏன்னு பாத்தே ஆகணும். அத்தைக்கு 0.3.

வசந்தா அத்தை, 8:57
எனக்கு பயமா இருக்கு தேனு. கண்ணு போயிடுமா?

தேன்மொழி, 9:03
இது சந்தேகம்தான் அத்தை, முடிவு இல்ல. போன நரம்பு திரும்பாது, ஆனா பிரஷரைக் குறைச்சா மிச்சத்தை நல்லாக் காப்பாத்தலாம். அதனால இந்த வாரமே கிளாக்கோமா பாக்கற டாக்டர்கிட்ட நேரம் வாங்குங்க. கருவிழிக் கனம், கண்ணாடி லென்ஸ் வெச்சுக் கண்ணுக்குள்ள நீர் வடியற கோணம் பாக்கறது, நரம்பு இழையோட கனத்தை அளக்கற ஓ.சி.டி. ஸ்கேன், பக்கப்பார்வை டெஸ்ட்: இந்த நாலும் எடுப்பாங்க.

ஓ.சி.டி. தாள்ல பச்சை, மஞ்சள், சிவப்பு வரும். உங்க வயசுக்காரங்களோட ஒப்பிட்டுப் போடற நிறம் அது. சிவப்புன்னா அந்த வயசுல நூத்துல ஒருத்தருக்குக் கீழதான் இவ்வளவு மெலிசா இருக்கும்னு அர்த்தம். சிவப்பே நோய் ஆகாது, மைனஸ் பவர் ரொம்ப அதிகமா இருக்கறவங்களுக்குச் சும்மாவே சிவப்பு வரும்.

பக்கப்பார்வை டெஸ்ட்தான் நீங்க கவனமாச் செய்ய வேண்டியது. நடுப்புள்ளியையே பாருங்க, வெளிச்சத்தைத் தேடாதீங்க. அரைகுறையாத் தெரிஞ்சாலும் பொத்தானை அழுத்துங்க. கிட்டத்தட்ட பாதிப் புள்ளி யாருக்குமே தெரியாது, தெரியற எல்லையைத் தேடித்தான் மெஷினே மங்கலாக் காட்டும். இமை தொங்கினா மேல்பக்கம் பொய்யாக் கறுப்பு விழும், டேப் போட்டுத் தூக்கிவிடச் சொல்லுங்க. முதல் தடவை சரியா வரலன்னா கவலைப்படாதீங்க, திரும்ப எடுப்பாங்க.

செல்வம் சித்தப்பா, 9:06
தேனு, இது உறுதியானா எங்களுக்கும் பாக்கணுமா?

தேன்மொழி, 9:09
ஆமா சித்தப்பா. சொட்டு மருந்தால மட்டும் வந்ததுன்னா கதை வேற. ஆனா கிளாக்கோமான்னு உறுதியாச்சுன்னா கூடப் பொறந்தவங்களுக்கு வாய்ப்பு அதிகம். நீங்க, அப்பா, சின்ன அத்தை மூணு பேரும் பாத்துக்கணும். பிரஷர் மட்டும் பாத்துட்டு வந்துடாதீங்க, 'சி.டி.ஆர். எவ்வளவு'ன்னு கேட்டு எழுதி வாங்குங்க.

தேன்மொழி, 9:11
நடுவுல திடீர்னு கண் வலியோட சிவந்து, விளக்கைச் சுத்தி வானவில் வட்டம் தெரிஞ்சு வாந்தி வந்தாலோ, மின்னல் வெட்டற மாதிரி, திரை இறங்கற மாதிரி தெரிஞ்சாலோ அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காதீங்க, உடனே கிளம்புங்க.

கார்த்தி, 9:30
அம்மாவோட பழைய ஃபைல்ல 2019 சீட்டு கிடைச்சுது. சி.டி.ஆர். ரெண்டு கண்ணுக்கும் 0.4.

தேன்மொழி, 9:32
ரொம்ப முக்கியமான தாள் அது கார்த்தி. போட்டோ போதாது, அந்தச் சீட்டையே கொண்டு போங்க. சொட்டு மருந்து பாட்டிலையும் சேர்த்து.

வசந்தா அத்தை, 9:41
டாக்டருக்குப் பேசிட்டேன். சொட்டு விடறதை நிறுத்திட்டு வரச் சொன்னாங்க. வியாழக்கிழமை காலையில 10 மணி.

தேன்மொழி, 9:42
கண்ணை விரிக்க மருந்து விடுவாங்க அத்தை, நாலஞ்சு மணி நேரம் கிட்டத்துல எழுத்து தெரியாது, வெளிச்சம் கூசும். கறுப்புக் கண்ணாடி எடுத்துக்குங்க. கார்த்தி, வண்டி நீ ஓட்டு.