7 செ.மீ. ஆக்சலாட்டல் குட்டிக்கு எவ்வளவு பெரிய தொட்டி?

செவுளிறகு:
7 செ.மீ. நீளமுள்ள ஒரு ஆக்சலாட்டல் (தண்ணீரிலேயே வாழும் ஒரு வகை சாலமாண்டர்) குட்டி அடுத்த வாரம் வருகிறது. வளர்ந்தால் 25 செ.மீ. வரை போகும் என்று தெரியும். இப்போதே பெரிய தொட்டி வைத்துவிடலாமா, இல்லை 54 லிட்டர் பிடிக்கும் இரண்டடித் தொட்டியில் ஆரம்பித்து அப்புறம் மாற்றலாமா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள், குழப்பமாக இருக்கிறது.

மூன்றடித்தொட்டி:
நேராகப் பெரிய தொட்டிக்கே போங்கள். 90 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரம். சுமார் 150 லிட்டர் தண்ணீர் நிற்கும். உயரத்துக்காகக் கூடுதல் காசு போடாதீர்கள், இது பெரும்பாலும் தரையில் நடக்கிற பிராணி. நல்ல தீனி கிடைத்தால் சில மாதங்களிலேயே 15 செ.மீ. ஆகிவிடும். அப்போது இரண்டடித் தொட்டியை என்ன செய்வீர்கள்? இன்னொன்று, இவை நிறையத் தின்னும், நிறையக் கழியும். கழிவிலிருந்து வரும் அம்மோனியா நஞ்சு; 150 லிட்டரில் கரைகிற அதே அம்மோனியா 15 லிட்டரில் கரைந்தால் செறிவு பத்து மடங்கு. குட்டியின் செவுள் அதைத் தாங்காது.

நீர்மாற்றி:
அந்தக் கணக்கு, தண்ணீர் மாறாமல் நிற்கும்போதுதான் பொருந்தும். தினமும் முழுத் தண்ணீரையும் மாற்றினால் அம்மோனியா எங்கே சேரும்? 7 செ.மீ. குட்டிக்கு என் பதில், ஒரு சாதாரண பிளாஸ்டிக் டப். ஃபில்டர் வேண்டாம், மணல் வேண்டாம், ஒளிந்துகொள்ள ஒரு குழாய்த் துண்டு போதும்.

குட்டி தின்பதைக் கொஞ்சம் உட்கார்ந்து கவனியுங்கள். அதற்குப் பார்வை மந்தம். மூக்குக்கு நேரே புழு அசைந்தால் சட்டென்று வாயைத் திறந்து தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சிக்கொள்ளும். அதே புழு சற்றுத் தள்ளி விழுந்தால் பல நேரம் கண்டுகொள்ளாது. மூன்றடித் தரையில் அது எங்கே போய்த் தேடும்? மிச்சத் தீனி மூலையில் அழுகும். டப்பில் என்றால் தின்றதா, கழிந்ததா, வயிறு தலை அகலத்துக்கு இருக்கிறதா என்பதெல்லாம் ஒரே பார்வையில் தெரியும்.

மூன்றடித்தொட்டி:
தீனிப் பிரச்சினைக்கு இடுக்கி இருக்கிறது. நுனி மழுங்கிய இடுக்கியால் புழுவைப் பிடித்து மூக்கருகே ஆட்டினால் பெரிய தொட்டியிலும் வாங்கித் தின்னும். ஆனால் சூட்டுக்கு என்ன சொல்கிறீர்கள்? தண்ணீர் 16 முதல் 18 டிகிரிக்குள் நிற்க வேண்டும், 24-ஐத் தாண்டினால் ஆபத்து. சின்ன டப் அறைச் சூட்டை உடனே வாங்கிக்கொள்ளும். காலையில் ஒரு சூடு, மதியம் ஒரு சூடு என்று ஆடும். 150 லிட்டர் அவ்வளவு சீக்கிரம் சூடாகாது. அப்புறம், தினமும் வலையில் அள்ளினால் அந்த மெல்லிய தோல் என்ன ஆகும்?

நீர்மாற்றி:
வலையே வேண்டாம். இரண்டு டப் வைத்துக்கொள்ளுங்கள். குளோரின் நீக்கிய தண்ணீரை இரண்டாவதில் ஊற்றி முதல் டப்பின் பக்கத்திலேயே வைத்தால் இரண்டும் ஒரே சூட்டில் இருக்கும். குட்டியை ஒரு கிண்ணத்தில் தண்ணீரோடு மொண்டு மாற்றலாம், தோலில் எதுவும் உரசாது. சூடு பற்றிச் சொன்னது நியாயம்தான். வீட்டின் குளிர்ந்த மூலையில் டப்பை வைக்க முடியாதவர்களுக்கு என் வழி கஷ்டம்.

குளிர்நீர்:
இருவரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். குட்டி வருவது அடுத்த வாரம். புதுத் தொட்டி சைக்கிள் ஆக, அதாவது கழிவை மாற்றும் பாக்டீரியா அதில் வளர்ந்து நிலைக்க, 4 முதல் 8 வாரம் பிடிக்கும். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா ஃபில்டரில் குடியேறாத வரை, தொட்டி எத்தனை லிட்டராக இருந்தாலும் நஞ்சு ஏறிக்கொண்டேதான் போகும். பெரிய தொட்டியில் கொஞ்சம் மெதுவாக ஏறும், அவ்வளவுதான். அதனால் இவருக்கு இப்போதைக்கு டப்தான். அதற்காகப் பெரிய தொட்டியைத் தள்ளிப்போடவும் கூடாது. இன்றே தண்ணீர் நிரப்பி, குட்டி இல்லாமல் சைக்கிளைத் தொடங்குங்கள். என்னைக் கேட்டால் வேண்டாதது அந்த 54 லிட்டர் தொட்டிதான். தினமும் முழுசாக மாற்ற அது பெரிது, கழிவைத் தாங்க அது சின்னது.

மூன்றடித்தொட்டி:
சைக்கிள் ஆகாத தொட்டியில் விடச் சொல்ல மாட்டேன், அதில் வாதமே இல்லை. நோயில்லாத, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியிலிருந்து பழைய ஃபில்டர் ஸ்பாஞ்ச் கிடைத்தால், அந்தப் பாக்டீரியா அதில் ஏற்கெனவே இருப்பதால் இந்தக் காத்திருப்பு குறையும். எப்படியும் ஸ்பாஞ்ச் ஃபில்டரே போடுங்கள். நீரோட்டம் வேகமாக இருந்தால் குட்டி ஓயாமல் தவிக்கும், செவுள் முன்பக்கமாக வளைந்துகொள்ளும். சரளைக்கல் போடவே கூடாது, விழுங்கிவிடும். மேலே மூடி கட்டாயம், துள்ளி வெளியே விழுவது உண்டு.

செவுளிறகு:
தெளிவாகிவிட்டது, நன்றி. பெரிய தொட்டி வருவதால் இன்னொரு குட்டியும் சேர்த்து வாங்கலாமா என்று ஒரு ஆசை.

நீர்மாற்றி:
இந்த வயதில் வேண்டாம். பக்கத்தில் எது அசைந்தாலும் தீனி என்று கவ்வும் பருவம் இது. கூட இருப்பதன் கால், செவுள் எதையும் விடாது. கால் திரும்ப முளைக்கும்தான், ஆனால் அதற்குள் காயத்தில் பூஞ்சை பிடித்தால் குட்டி போய்விடும்.

குளிர்நீர்:
ஆமாம், இரண்டும் வளர்ந்து ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தால் அப்போது யோசிக்கலாம்.

செவுளிறகு:
சரி, ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறேன். டப்பிலிருந்து எப்போது மாற்றுவது?

மூன்றடித்தொட்டி:
அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்ஜியம், நைட்ரேட் மட்டும் ஏறுகிறது என்று சோதனை காட்டுகிற அன்றே. நீளத்தைப் பார்த்துக் காத்திருக்காதீர்கள்.

நீர்மாற்றி:
நான் 12 செ.மீ. வரை காத்திருப்பேன், இதில் நமக்குள் ஒத்துவராது. முன்னாடியே மாற்றினால் தொட்டியில் பாதியைத் தடுப்பு வைத்து அடைத்துவிடுங்கள். இடுக்கியில் காட்டியும் இரண்டு மூன்று நாள் சேர்ந்தாற்போல் தின்னாவிட்டால் டப்புக்கே திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள்.