மலேசியாவின் பேராக் மாநிலம், சுங்கை சிப்புட் பக்கம் விடியற்காலையில் பச்சை வெளிச்சத்தோடு விழுந்தது என்ன?

செம்பனைக்காடு:
இரவு வேலை முடிந்து 2 மணி வாக்கில் மோட்டாரில் தோட்டத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். செம்மண் சாலையில் இறங்கியதும் கிழக்கே மலைப்பக்கம் வானம் பளீரென்று வெளுத்து, செம்பனை மட்டைகளின் நிழல் தரையில் ஓடியது. நிமிர்ந்தால் பச்சையும் வெள்ளையுமாக ஒரு தீப்பந்து. மூன்று நான்கு விநாடிதான் இருக்கும், கடைசியில் ஆரஞ்சு நிறத்தில் சிதறி அணைந்துவிட்டது. லயத்துக்கு வந்து மோட்டாரை நிறுத்திக் கதவைத் திறக்கும்போது தூரத்து இடிபோல ஓர் உறுமல், அம்மாகூட விழித்துக்கொண்டார். மேகமே இல்லை! பாட்டி சொல்லிக்கொடுத்தபடி பச்சை மரத்தைப் பார்த்தேன், நடுக்கம் அடங்கவில்லை. எரிகல்லா, ராக்கெட் துண்டா? வேறு யாராவது பார்த்தீர்களா?

இரவுவானம்:
எரிகல்தான் தம்பி. ராக்கெட் மிச்சம் விநாடிக்கு 7, 8 கிலோமீட்டர் வேகத்தில்தான் வரும், அதனால் துண்டு துண்டாக வானத்தில் ஊர்ந்துபோக ஒரு நிமிடத்துக்கு மேலும் ஆகலாம். 2022 ஜூலை கடைசியில் சரவாக்கில் பலர் படம் பிடித்தார்களே, அது சீன ராக்கெட். எரிகல்லின் வேகம் 11 முதல் 72 கிலோமீட்டர் வரை, அதனால்தான் கண் சிமிட்டுவதற்குள் முடிந்துபோகிறது. பச்சை நிறம் கல்லில் உள்ள மக்னீசியம், நிக்கல் போன்றவை ஆவியாகி ஒளிர்வதால் வரும்.

அந்த உறுமலை விட்டுவிடாதீர்கள், முக்கியமானது. ஒலி ஒரு கிலோமீட்டர் கடக்க 3 விநாடி எடுக்கும், கல் உடைவதோ பல பத்து கிலோமீட்டர் உயரத்தில், ஆகவே சத்தம் நிமிடக்கணக்கில் பிந்தித்தான் வர வேண்டும். 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்கில் ஓர் எரிகல் வெடித்தபோது, வெளிச்சத்தைப் பார்க்க ஜன்னலோரம் போய் நின்றவர்கள் பின்னால் வந்த அதிர்வில் கண்ணாடி உடைந்து காயப்பட்டார்கள். இப்படி ஒன்றைப் பார்த்தால் தயவுசெய்து கண்ணாடிப் பக்கம் போகாதீர்கள், பிள்ளைகளையும் விடாதீர்கள்.

கம்பார்வாசி:
நானும் பார்த்தேன்! ஆனால் இங்கிருந்து வடகிழக்கே தெரிந்தது. டிசம்பர் நடுவில் வருமே ஜெமினிட் எரிகல் மழை, அதில் ஒன்றா?

இரவுவானம்:
ஜெமினிட் என்றால் அதன் பாதையைப் பின்னோக்கி நீட்டிப் பாருங்கள், மிதுன ராசியில், புனர்பூச நட்சத்திரங்களுக்குப் பக்கத்தில் போய் முடியும். டிசம்பர் நடுவில் அதிகாலை 2 மணிக்கு அவை வடக்கே நல்ல உயரத்தில் இருக்கும். ஆனால் ஜெமினிட் பெரும்பாலும் சின்னத் துணுக்குகள், மேலேயே எரிந்து தீர்ந்துவிடும். உறுமல் கேட்டது என்றால் தனியாக வந்த பெரிய கல் என்றே நினைக்கிறேன்.

சுங்கை சிப்புட்டுக்குக் கிழக்கு, கம்பாருக்கு வடகிழக்கு. இரண்டு கோடுகளையும் வரைபடத்தில் போட்டால் கேமரன்மலைக்கு வடக்கே, குவா மூசாங் போகும் காட்டுப்பக்கம் வெட்டிக்கொள்கின்றன. சத்தம் அங்கிருந்து உங்கள் தோட்டத்துக்கு வர நான்கு நிமிடம் பிடிக்கும். தம்பி, செம்மண் சாலையில் வெளிச்சத்தைப் பார்த்த இடத்திலிருந்து லயத்துக்கு எவ்வளவு நேரம்?

செம்பனைக்காடு:
மெதுவாக வந்தேன் அண்ணே, நாலு நிமிடம் சரியாக இருக்கும். பகலில் அதே இடத்தில் நின்று எந்த மலைக்கு நேரே என்று பார்த்துவந்து சொல்கிறேன்.

இரவுவானம்:
கைப்பேசித் திசைகாட்டியில் பாகையும் எடுங்கள். அப்புறம் அனைத்துலக எரிகல் அமைப்பின் தளத்தில் இருவரும் தனித்தனியாகப் பதியுங்கள், கார் கேமரா பதிவு இருந்தால் அழித்துவிடாதீர்கள்.