தீபாவளி விடுமுறையில் வியட்நாம்: முழு நாடா, ஒரு பாதியா?

நெருல் குடும்பஸ்தன்

மும்பைத் தமிழ் நண்பர்களே, ஒரு யோசனை வேண்டும். 2026 தீபாவளி நவம்பர் 8, ஞாயிறு. பண்டிகையை வீட்டில் கொண்டாடிவிட்டு மறுநாள் கிளம்பி, பத்து நாள் வியட்நாம் போய்வரலாம் என்று இருக்கிறோம். நான், மனைவி, பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள், என் அப்பா, அம்மா என ஆறு பேர். அப்பா எழுபதைத் தாண்டியவர், நன்றாக நடப்பார். அம்மாவுக்கு முழங்கால் தொல்லை. பெரியவர்கள் இருவரும் சைவம்.

ஏஜென்ட் தந்த திட்டம் இது. மும்பையிலிருந்து நேராக ஹனோய். ஹா லாங் விரிகுடாவில் படகில் ஓர் இரவு. அப்புறம் சா பா மலை. திரும்ப ஹனோய் வந்து, விமானத்தில் டா நாங். அங்கே பா நா மலையில் இரண்டு பெரிய கைகள் தாங்கி நிற்கும் தங்கப் பாலம், பக்கத்தில் ஹோய் ஆன் பழைய நகரம், கடற்கரை. மறுபடி விமானத்தில் சைகோன் (ஹோ சி மின் நகரம்), போர்க்காலத்துக் கூ ச்சி சுரங்கம், மேகாங் டெல்டா, மும்பை. நகரம், கடல், மலை மூன்றும் வந்துவிடுகிறது என்கிறார். முன்பணம் கட்டலாமா?

மாட்டுங்கா ரயிலடி

கட்ட வேண்டாம் சார். இந்தத் திட்டம் வரைபடத்தைப் பார்த்துப் போட்டது, நாள்காட்டியைப் பார்த்துப் போட்டதல்ல.

முதலில் மழை. மும்பையில் நமக்கு ஜூனில் தொடங்கும் மழை தீபாவளிக்கு முன்பே முடிந்துவிடும். அதனால் நவம்பர் என்றாலே தெளிந்த வானம் என்று மனதில் பதிந்துவிட்டது. வியட்நாமின் நடுப்பகுதி அப்படியில்லை, அது சென்னை மாதிரி. வடகிழக்கிலிருந்து வரும் காற்று தென்சீனக் கடலின் ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து ட்ருவோங் சோன் மலைத்தொடரில் மோதும். ஹியூ, டா நாங், ஹோய் ஆன் மூன்றும் அந்த மலைக்கும் கடலுக்கும் இடையில் ஒடுங்கிய நிலத்தில் இருக்கின்றன. டா நாங்கில் வருடத்திலேயே அதிக மழை பெய்வது அக்டோபரிலும் நவம்பரிலும்தான். 2025 அக்டோபர் கடைசியில் ஹியூவும் ஹோய் ஆனும் வெள்ளத்தில் மூழ்கின, 2020 அக்டோபரிலும் அந்தப் பக்கம் பெருவெள்ளம். ஹோய் ஆன் ஆற்றின் கரையிலேயே கட்டிய ஊர், தண்ணீர் ஏறினால் முதலில் நனைவது நீங்கள் பார்க்கப் போகும் அந்தப் பழைய தெருக்கள்தான். கடலும் அந்த மாதத்தில் கொந்தளிக்கும், பிள்ளைகளை இறக்க முடியாது.

அடுத்தது தூரம். ஹா லாங் ஹனோய்க்குக் கிழக்கே, சா பா வடமேற்கே. ஹனோயிலிருந்து ஹா லாங்குக்கு இரண்டரை மணி நேரம், சா பாவுக்கு ஐந்தாறு மணி நேரம். படகிலிருந்து இறங்கிய கையோடு மலைக்குப் போனால் அந்த நாள் முழுக்க வண்டியிலேயே கழியும். ஏஜென்ட் அதை அரை நாள் என்று போட்டிருந்தால் நம்பாதீர்கள். இதற்கு மேல் இரண்டு உள்நாட்டு விமானம். விமானம் பறப்பது என்னவோ ஒரு மணி நேரம் இருபது நிமிடம்தான். ஆனால் அறையைக் காலி செய்வது, ஆறு பேரின் பெட்டியை ஏற்றுவது, விமான நிலையத்தில் காத்திருப்பது, அந்தப் பக்கம் போய் அறை கிடைக்கும்வரை வரவேற்பறையில் உட்கார்ந்திருப்பது என்று ஒவ்வொரு ஊர் மாற்றமும் அரை நாளுக்கு மேல் தின்னும். முழங்கால் வலியோடு இருக்கும் அம்மாவுக்கு இது விடுமுறையே அல்ல.

நடுப்பகுதியை முழுசாக எடுத்துவிட்டு, வடக்கு மட்டும் அல்லது தெற்கு மட்டும் போங்கள்.

செம்பூர் சுப்பு

ரயிலடி அண்ணா சொல்வதை நான் ஏற்கவில்லை. பயணமே பழக்கமாக இருப்பவர்கள் பார்வையில் அது சரி. அவர்கள் இந்த வருடம் வடக்கு, அடுத்த வருடம் தெற்கு என்று போவார்கள். நெருல் சாரின் அப்பா எழுபதைத் தாண்டியவர். ஆறு பேருக்கு டிக்கெட், விசா எல்லாம் எடுத்து இன்னொரு தடவை அதே நாட்டுக்கு யார் போகப் போகிறார்கள்? போகிற ஒரே தடவையில் பாதி நாட்டை விட்டுவிட்டு வாருங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மழையைப் பற்றி. நவம்பரில் டா நாங்கில் எல்லா நாளும் கொட்டுவதில்லை. காலையில் பெய்து மதியம் வெளுக்கும் நாட்கள் நிறைய உண்டு. டா நாங்கில், அந்தப் பகுதியை முன்பு ஆண்ட சாம் மக்களின் சிற்ப அருங்காட்சியகம் இருக்கிறது, பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் 1919இல் திறந்தது. சிவன், விநாயகர், நடனமாடும் அப்சரஸ் என்று கூரைக்குக் கீழேயே அரை நாள் பார்க்கலாம். ஹோய் ஆனிலிருந்து 40 கிலோமீட்டரில் மி சன். சாம் மன்னர்கள் 4ஆம் நூற்றாண்டிலிருந்து சிவனுக்குக் கோயில் எழுப்பிய பள்ளத்தாக்கு. 1969இல் அமெரிக்கக் குண்டுவீச்சில் பெரிய கோபுரம் ஒன்று தரைமட்டமானது. மீதியில் ஒரு பகுதியைச் சீரமைத்தவர்கள் நம் இந்தியத் தொல்லியல் துறையினர். 2020இல் அந்த வேலையின்போது 9ஆம் நூற்றாண்டுச் சிவலிங்கம் ஒன்று ஒரே கல்லில் முழுசாகக் கிடைத்தது. கோயில் கோயிலாகப் போகும் ஒரு தமிழ்ப் பெரியவரை வியட்நாம் வரை கூட்டிப்போய் இதைக் காட்டாமல் திரும்புவதா?

ஹியூவிலிருந்து டா நாங்குக்கு ரயிலில் போனால் ஹை வான் கணவாயைச் சுற்றிக் கடலை ஒட்டியே பாதை. தெற்கே போகும்போது இடது பக்க ஜன்னல். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல், இரண்டையும் ஒரே இருக்கையிலிருந்து பார்ப்பது வேறு எங்கே கிடைக்கும்?

மாட்டுங்கா ரயிலடி

சுப்பு தம்பி, மி சன் பற்றி நீங்கள் எழுதியது அத்தனையும் உண்மை. அந்த ரயிலும் அழகுதான். பிப்ரவரியிலிருந்து மே வரை யார் கேட்டாலும் நானே முதலில் அங்கேதான் போகச் சொல்வேன். ஆனால் வெள்ளம் வந்தால் முதலில் நிற்பதும் அந்தப் பாதைதான். மி சன்னில் திறந்தவெளி, செங்கல் இடிபாடு, ஈர மண். முழங்கால் வலிக்காரரை மழையில் அங்கே நடக்க வைப்பீர்களா?

அவர்கள் இன்னொரு தடவை போகப் போவதில்லை என்கிறீர்கள். நானும் அதையேதான் சொல்கிறேன். இன்னொரு தடவை கிடையாது என்பதால்தான் இருக்கிற நாட்களை விமான நிலைய நாற்காலியில் கழிக்கக் கூடாது. பார்த்த ஊர்களின் எண்ணிக்கை கூடும், எந்த ஊரிலும் ஒரு மாலை நிம்மதியாக உட்கார்ந்திருக்க மாட்டார்கள். என் பெற்றோரோடு இந்த மாதிரி ஓட்டம் ஓடியிருக்கிறேன் (வேறு நாடு). அவர்கள் வாய்விட்டுக் குறை சொல்லவே இல்லை. அதுதான் எனக்கு இன்றும் உறுத்துகிறது.

வாஷி பைக்கர்

நடுவில் ஒரு கேள்வி. சா பாவுக்குப் பதில் வடக்கு எல்லையிலுள்ள ஹா ஜியாங் போகலாமே? மா பி லெங் கணவாய், டோங் வான் கற்பாறைப் பீடபூமி எல்லாம் சா பாவை விடப் பல மடங்கு. சர்வதேச ஓட்டுநர் அனுமதி எடுத்துக்கொண்டு பைக்கில் சுற்றலாம் என்று நானும் நண்பர்களும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

மாட்டுங்கா ரயிலடி

அந்த அனுமதி அங்கே செல்லாது தம்பி. இந்தியாவில் நமக்குக் கொடுப்பது 1949 ஜெனீவா உடன்படிக்கையின்படி. வியட்நாம் ஏற்பது 1968 வியன்னா உடன்படிக்கையின்படி கொடுத்ததை மட்டும். போலீஸ் நிறுத்தினால் அபராதம். அதைவிட முக்கியம், செல்லாத உரிமத்தோடு விபத்து நடந்தால் பயணக் காப்பீடு பணம் தராது. அங்கே உள்ளூர்க்காரர் ஓட்ட, பின்னால் உட்கார்ந்து போகும் ஏற்பாடு உண்டு. அதை எடுத்துக்கொள்ளுங்கள். நெருல் சார் குடும்பத்துக்கு அது சரிவராது, தனித் திரியாகப் பேசலாம்.

காட்கோபர் அக்கா

இரண்டு பேரும் வடக்கையும் நடுவையும் வைத்தே வாதாடுகிறீர்கள். தெற்கை யாரும் விரித்துச் சொல்லவில்லை. நவம்பரில் தெற்கில் மழைக்காலம் முடிந்து வெயில்காலம் தொடங்குகிறது. சைகோனில் இறங்குங்கள், அங்கிருந்தே மும்பைக்கு நேர் விமானம் இருக்கிறது. நகரம், மலை, கடல் மூன்றையும் ஒரு முக்கோணமாக, உள்நாட்டு விமானமே ஏறாமல் முடிக்கலாம்.

சைகோனில் பென் தான் சந்தைக்குப் பக்கத்தில் ட்ருவோங் டின் தெருவில் மாரியம்மன் கோயில் இருக்கிறது. பிரெஞ்சு ஆட்சியில் பாண்டிச்சேரி, காரைக்கால் பக்கத்திலிருந்தும் செட்டிநாட்டிலிருந்தும் போன நம் ஆட்கள் கட்டியது. இன்று கும்பிட வருபவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியர்கள். சுவரில் நெற்றியை வைத்து வேண்டிக்கொள்வார்கள், பார்க்கவே மனம் நிறையும். நடந்து போகிற தூரத்திலேயே நகரத்தார் கட்டிய தெண்டாயுதபாணி கோயில். மி சன்னில் இருப்பது இடிந்த கோயில், இங்கே பூஜை நடக்கிறது. நெருல் தம்பியின் அப்பாவுக்கு எது பிடிக்கும் என்று அவரையே கேட்டுப் பாருங்கள்.

அங்கிருந்து டா லாட். 1,500 மீட்டர் உயரம், பிரெஞ்சுக்காரர்கள் வெயிலுக்குப் பயந்து உருவாக்கிய மலை ஊர். பைன் மரம், ஏரி, அருவி, காப்பித் தோட்டம். சாலையில் சுமார் 300 கிலோமீட்டர், ஆறேழு மணி நேரம். டா லாட்டிலிருந்து நாலைந்து மணி நேரத்தில் முய் நே கடற்கரை. பிள்ளைகளுக்குச் செம்மணல் மேடு. பக்கத்து ஃபான் தியெத்தில் போ ஷானு என்ற சாம் கோபுரங்கள், 8ஆம் நூற்றாண்டுச் சிவன் கோயில். சின்னது, ஆனால் மேடு ஏறினால் கடல் தெரியும். ஃபான் தியெத்திலிருந்து சைகோன் சுமார் 200 கிலோமீட்டர், 2023இல் விரைவுச்சாலை திறந்த பிறகு சுலபமாகிவிட்டது.

அப்புறம் சாப்பாடு. காய்கறிக் குழம்பில்கூட மீன் சாறு ஊற்றிவிடுவார்கள். "சாய்" என்று பலகை வைத்த கடைகள் முழுச் சைவம், பௌத்தர்கள் நடத்துவது. அங்கே பயமில்லாமல் சாப்பிடலாம். சைகோனில் அவை நிறைய, சிறு ஊர்களில் தேட வேண்டும்.

செம்பூர் சுப்பு

அக்கா, தெற்கு வசதியானது, சரி. ஆனால் வியட்நாம் போய்வந்து ஹா லாங் பார்க்கவில்லை என்றால் என்ன பயணம் அது? கடலுக்குள்ளிருந்து எழுந்து நிற்கும் ஆயிரக்கணக்கான சுண்ணாம்புக்கல் குன்றுகள். அதைப் பார்க்கத்தானே உலகமே அங்கே போகிறது. டா லாட் மாதிரி குளிர்ந்த ஊரைக் கொடைக்கானலிலேயே பார்த்துக்கொள்ளலாம். முய் நேயை விடச் சுத்தமான கடற்கரை நம் கொங்கணத்திலேயே இருக்கிறது. கிடைக்காததைப் பார்க்கப் போகிறோமா, வசதியானதைப் பார்க்கப் போகிறோமா?

மாட்டுங்கா ரயிலடி

இந்தக் கேள்வி நியாயமானது. அதனால்தான் வடக்கையும் ஒரு வழியாக முதலிலேயே சொன்னேன். நவம்பரில் ஹனோயில் குளிர் தொடங்குவதற்கு முன்னால் இதமான காலம். ஹா லாங்கில் சூறாவளிப் பருவம் பெரும்பாலும் ஓய்ந்திருக்கும். ஆனால் சா பாவின் படிக்கட்டு வயல்கள் செப்டம்பரில் பொன்னிறமாகி அறுவடையும் முடிந்துவிடும். நவம்பரில் அறுத்த பயிரின் அடித்தாள்தான், ஏஜென்ட் காட்டும் படத்தில் இருப்பது கிடைக்காது. காட் காட் கிராமத்துக்கு இறங்கினால் எல்லாம் படி. அங்குள்ள ஃபான்சிபான் உச்சி 3,147 மீட்டர், கேபிள் கார் இருந்தாலும் அதற்கு மேலும் படிகள், மூச்சு வாங்கும். ஆக வடக்கு என்றால் ஹனோய், ஹா லாங், ஹனோய்க்குத் தெற்கே நின் பின். அங்கே துடுப்புப் படகில் உட்கார்ந்தபடியே குன்றுகளுக்கும் குகைகளுக்கும் நடுவில் போகலாம், அம்மாவுக்கு நடையே குறைவு. மலை ஏற வேண்டும் என்ற ஆசையை விட வேண்டும், அவ்வளவுதான்.

நெருல் சார், இந்த இரண்டில் எதை எடுத்தாலும் நான் மறுக்க மாட்டேன். மூன்றையும் சேர்த்துத் தைப்பதைத்தான் மறுக்கிறேன்.

நெருல் குடும்பஸ்தன்

எல்லோருக்கும் நன்றி. அப்பாவிடம் கேட்டேன். ஹா லாங் படத்தையும் மாரியம்மன் கோயில் படத்தையும் காட்டினேன். கோயிலை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய தாத்தா காரைக்காலிலிருந்து கப்பலேறிச் சைகோன் போய்க் கொஞ்ச காலம் கணக்கு எழுதினார் என்று இப்போதுதான் சொல்கிறார். எனக்கே இது தெரியாது. தெற்கு என்று கிட்டத்தட்ட முடிவு. பிள்ளைகள் மட்டும் ஹா லாங் கேட்டு முகம் தூக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

விசா நாமே எடுக்கலாமா? டா லாட் சாலை வளைவில் அம்மாவுக்குத் தலைசுற்றுமா?

செம்பூர் சுப்பு

தாத்தா போன ஊர் என்றால் அது வேறு கணக்கு, போய்வாருங்கள் சார். ஆனாலும் சொல்கிறேன், சைகோனிலிருந்து ஹனோய்க்கு ஒரே ஒரு விமானம் ஏறி, கடைசி மூன்று நாள் ஹா லாங்குக்கு வைத்து, ஹனோயிலிருந்தே மும்பை திரும்பலாம். முய் நேயை விட்டால் நாள் கிடைக்கும். பிள்ளைகளும் பயணிகள்தான்.

காட்கோபர் அக்கா

விசா நீங்களே எடுக்கலாம் தம்பி. அரசு இணையதளத்தில் மின்விசா, ஒரு நுழைவுக்கு 25 டாலர். பாஸ்போர்ட்டில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே விசாவிலும் டிக்கெட்டிலும் இருக்க வேண்டும். நம் பெரியவர்கள் பலருக்குக் குடும்பப் பெயர் இடம் காலியாக இருக்கும், அதை விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். சுப்பு சொல்வதுபோல் ஹனோயிலிருந்து திரும்புவதானால் விமானமும் தங்கும் இடமும் முடிவான பிறகே விண்ணப்பியுங்கள், நுழையும் ஊரும் வெளியேறும் ஊரும் கேட்பார்கள்.

டா லாட் பாதையில் பாவோ லோக் கணவாயில்தான் வளைவுகள். பேருந்து வேண்டாம், ஆறு பேருக்கும் பெரிய வண்டியாக வாடகைக்கு எடுத்து அம்மாவை முன் இருக்கையில் உட்கார வையுங்கள். கணவாய்க்கு முன்னால் வயிறு நிறையச் சாப்பிட விடாதீர்கள்.