எம்எக்ஸ்-5க்கு 300 பவுண்டில் டயர்: மழை ரப்பரா, டிராக் ரப்பரா?

ரெடிங்_ராசு

வணக்கம். 2001 மாஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்று வாங்கியிருக்கிறேன். இரண்டாம் தலைமுறை, 1.8 எஞ்சின், டயர் அளவு 195/50 ஆர்15 (அகலம் 195 மி.மீ., ரிம் 15 அங்குலம்). இப்போது மாட்டியிருக்கும் நாலும் நான் கேள்விப்படாத பெயர்கள். அதிலும் முன்னால் ஒரு கம்பெனி, பின்னால் வேறு கம்பெனி. டிரெட், அதாவது ரப்பர்ப் பள்ளத்தின் ஆழம், 5 மி.மீ. இருக்கிறது. ஆனால் பக்கவாட்டில் தேதி எண் 1113, அதாவது 2013-இன் 11-ஆவது வாரத்தில் செய்தது. ஈரமான ரவுண்டானாவில் இரண்டாவது கியரில் கொஞ்சம் மிதித்தாலே பின்பக்கம் வழுக்கி வால் வெளியே போகிறது.

தினமும் வேலைக்கு இதில்தான் போகிறேன். வார இறுதியில் சில்டர்ன்ஸ் குன்றுகள் பக்கம் பி ரோடுகள், அதாவது வளைந்து போகும் சின்னச் சாலைகள். வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ டிராக் டே, அதாவது சொந்தக் காரை ரேஸ் டிராக்கில் ஓட்டும் நாள், பெரும்பாலும் பிராண்ட்ஸ் ஹாட்ச் டிராக்கில். நாலு டயருக்கும் மாட்டுக்கூலி சேர்த்து 300 பவுண்டுதான் ஒதுக்க முடியும். எதைப் போடலாம்?

பிராண்ட்ஸ்_பக்தன்

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? டோயோ ப்ராக்ஸஸ் ஆர்1ஆர், டிராக்கிலும் ஒட்டிப் பிடிக்கிற ரகம். உங்களுடையது அதிர்ஷ்டமான அளவு. பெரிய கார் வைத்திருப்பவன் இந்த ரகத்துக்கு இரண்டு மடங்கு கொடுக்கிறான், 15 அங்குலத்தில் நம்மைப் போன்றவர்களுக்கும் கட்டுப்படியாகிறது. 300-ஐ கொஞ்சம் தாண்டும், தாண்டட்டும். யோகோஹாமா ஏடி08ஆர்எஸ் இன்னும் மேல், ஆனால் விலையும் மேல். ஸ்போர்ட்ஸ் கார் வாங்கிவிட்டு ரப்பரில் கணக்குப் பார்க்காதீர்கள்.

மழைக்கோட்டு

யோசிக்க நிறைய இருக்கிறது. அவர் எழுதியதில் முதல் வார்த்தை "தினமும் வேலைக்கு". டிராக் டே கடைசியில்தான் வருகிறது. பக்தன் கடைசி வரியை மட்டும் படித்துவிட்டுப் பதில் போட்டிருக்கிறார்.

என் ஓட்டு யூனிராயல் ரெயின்ஸ்போர்ட் 5. மழை டயர் என்று தனியாக ஒன்றை 1969-லேயே கொண்டுவந்த பெயர் அது. ஐரோப்பாவில் 1979 முதல் கான்டினென்டல் கையில் இருக்கிறது. பட்ஜெட்டுக்குள் அடங்கும், மீதியும் நிற்கும். இந்த ஊரில் காரின் குணம் தெரிவது ஈரச் சாலையில்தான். ராசுவின் புகாரும் அதுதானே, வால் போகிறது என்பது. காய்ந்த சாலையில் பிடிப்பு போதவில்லை என்று அவர் எங்கேயும் சொல்லவில்லை.

பிராண்ட்ஸ்_பக்தன்

ரெயின்ஸ்போர்ட்டின் சைடுவால், அதாவது பக்கச்சுவர், கொழகொழ. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் கார் ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் திரும்பும். எம்எக்ஸ்-5 வாங்குவதே அந்த ஒரு நொடி இல்லாமல் இருக்கத்தானே? அதோடு வெயில் நாளில் டிராக்கில் நாலு சுற்று அடித்தாலே ஓரம் உருண்டு தேய ஆரம்பிக்கும். பிராண்ட்ஸில் வலது வளைவுகள்தான் அதிகம். பேடக் ஹில், ட்ரூயிட்ஸ், கிளியர்வேஸ் எல்லாமே வலது. முன்னால் இடது டயர் என்ன பாடுபடும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஆர்1ஆரை நீங்கள் ஈரத்தில் ஓட்டிப் பார்த்திருக்கிறீர்களா? அம்பு வடிவ டிரெட், சீக்கிரம் சூடாகிற ரப்பர். மழையில் அது மோசமே இல்லை.

மழைக்கோட்டு

மோசமில்லை, சரி. 3 டிகிரி காலையில், வீட்டிலிருந்து கிளம்பி முதல் ரவுண்டானாவிலும் மோசமில்லையா? நான் கேட்பது அந்த இடத்தை. டிராக் ரகக் கலவைக்கு வேலை செய்யவே சூடு வேண்டும். இந்தக் கார் ஒரு டன்னைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். அலுவலகத்துக்கு 40 மைல் வேகத்தில் போகும்போது அந்த எடை எந்த டயரையும் சூடாக்காது. இதே டயரை 1,500 கிலோ காரில் போட்டவர் எழுதும் விமர்சனத்தைப் படித்துவிட்டு எம்எக்ஸ்-5க்கு வாங்கினால் ஏமாற்றம்தான்.

எண்கணக்கு

நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். இரண்டு பேருமே எண் பேசவில்லை.

ராசு, உங்கள் காருக்கு வரும் டயரில் 82V என்று இருக்கும். 82 என்றால் ஒரு டயர் 475 கிலோ தாங்கும். V என்றால் 240 கி.மீ. வேகம் வரை. உங்கள் கார் எவ்வளவு விரட்டினாலும் 200 பக்கம்தான். அதனால் இன்னும் அதிக வேகத்துக்கான W, Y எழுத்துக்காக ஒரு பென்ஸ் கூட அதிகம் கொடுக்காதீர்கள். XL என்று போட்ட கனரகமும் வேண்டாம். அதன் சைடுவால் கெட்டி, இவ்வளவு லேசான காரில் துள்ளும்.

அடுத்து, ஐரோப்பிய லேபிள். ஈரப் பிடிப்புக்கு A முதல் E வரை எழுத்து கொடுக்கிறார்கள். அந்தச் சோதனை புது டயரை நேர்கோட்டில் 80-லிருந்து 20 கி.மீ. வேகத்துக்கு பிரேக் பிடித்துப் பார்ப்பது மட்டும்தான். வளைவில் பிடிக்குமா, தேங்கிய நீரில் மிதக்குமா, பாதி தேய்ந்த பின் எப்படி என்பது அந்த எழுத்தில் கிடையாது. ராசுவின் பிரச்சினை ரவுண்டானா. லேபிளில் A இருக்கிறது என்பதற்காக மட்டும் வாங்கக் கூடாது.

டிராக் டயர்காரர்கள் சொல்லும் "டிரெட்வேர் 200" என்கிற தேய்மான எண்ணும் அப்படித்தான். அது அமெரிக்க முறை. டெக்சஸில் சான் ஏஞ்சலோ ஊரைச் சுற்றி 400 மைல் பாதையில் 7,200 மைல் ஓட்டி, ஓர் ஒப்பீட்டு டயரோடு தேய்மானத்தை அளப்பார்கள். எண்ணை அறிவிப்பது தயாரிப்பாளரேதான். பிடிப்பை அது அளப்பதில்லை. இரண்டு கம்பெனிகளின் 200-ஐ அருகருகே வைத்துச் சண்டை போடுவதில் பலன் இல்லை.

பேரம்_பாண்டி

எல்லோரும் புது டயர் பற்றியே பேசுகிறீர்கள். பார்ட் வோர்ன், அதாவது பாதி தேய்ந்த பழைய டயர், பாருங்கள் பாஸ். எங்கள் ஏரியாவில் 25 பவுண்டுக்கு பெரிய கம்பெனி டயர், 5 மி.மீ. டிரெட்டோடு கிடைக்கிறது. நாலுக்கும் 100. மீதி 200-க்குப் பெட்ரோல் போட்டு ஊர் சுற்றலாம்.

ஹாரோ_அண்ணை

பாண்டித் தம்பி, நான் கனகாலமாக ரயர் கடையில் வேலை செய்கிறவன், அதனால் சொல்கிறேன். பார்ட் வோர்ன் விற்பது சட்டப்படி குற்றமில்லை. ஆனால் 1994 விதிப்படி முழு அகலத்துக்கும் 2 மி.மீ. டிரெட் இருக்க வேண்டும், உள்ளும் புறமும் பார்த்துக் காற்றடித்துச் சோதித்திருக்க வேண்டும், பக்கத்தில் PART-WORN என்று அழியாமல் பதித்திருக்க வேண்டும். உங்கட ஏரியாக் கடையில் அந்த எழுத்தைக் கண்டிருக்கிறீர்களா? கண்டால் எனக்கும் ஒரு படம் அனுப்புங்கோ.

இன்னொன்று, இந்த அளவில் புதுக் கார்கள் இப்போது வருவதே குறைவு. எல்லாம் 16, 17, அதற்கும் மேல். அப்படியென்றால் 195/50 ஆர்15 பழைய ரயர் எந்தக் காரில் இருந்து கழன்று வரும்? பழைய காரில் இருந்துதான். டிரெட் இருக்கும், ரப்பர் செத்திருக்கும். ராசுவிடம் இப்போது இருப்பதும் அதுதானே, 5 மி.மீ. டிரெட்டோடு 2013 ரயர். காசு கொடுத்து அதையே திரும்ப வாங்கச் சொல்கிறீர்கள்.

பேரம்_பாண்டி

சரி அண்ணே, எழுத்து பார்த்ததில்லை. ஆனால் பத்து வருடப் பழைய டயர் தடை என்று ஒன்று வந்ததே? கடைக்காரர்கள் அதற்குப் பிறகு பழையதை எடுப்பதில்லை என்றுதான் நினைத்தேன்.

ஹாரோ_அண்ணை

அது 2021 பெப்ரவரியில் வந்தது. லொறி, பஸ், கோச் ஆகியவற்றின் முன் சக்கரங்களுக்கும் மினிபஸ்ஸின் ஒற்றைச் சக்கரங்களுக்கும்தான். காருக்கு இல்லை. காருக்கு டிரெட் 1.6 மி.மீ. இருந்தால் எம்ஓடி என்கிற வருடாந்தரச் சோதனையில் பாஸ். குறைந்தால் ஒரு ரயருக்கு 2,500 பவுண்டு வரை அபராதம், லைசென்ஸில் மூன்று தண்டனைப் பொயின்ற். நாலும் தேய்ந்திருந்தால் பன்னிரண்டு பொயின்ற், லைசென்ஸ் போய்விடும். வயதைச் சட்டம் கேட்காது, நாங்கள்தான் பார்க்க வேண்டும்.

கிளாஸ்கோகாரன்

ஆல் சீசன், அதாவது எல்லாப் பருவத்துக்குமான டயர், என்று யாருமே சொல்லவில்லையே. 7 டிகிரிக்குக் கீழே சம்மர் டயர் இறுகிவிடும் என்று எல்லாக் கடையிலும் எழுதி வைத்திருக்கிறார்கள். தினமும் ஓட்டுகிற கார். மலையும் பனித்துகளும் குறியிட்ட ஆல் சீசன் நாலு போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

மழைக்கோட்டு

கிளாஸ்கோவுக்குச் சரி, ரெடிங்குக்கு எனக்கு மனம் ஒப்பவில்லை. லண்டன் சுற்று வட்டாரத்தில் ஜனவரிப் பகலே 8 டிகிரி பக்கம் இருக்கும். 7 என்பது சுவிட்ச் போட்டாற்போல மாறுகிற எல்லையும் அல்ல. ஆல் சீசனில் டிரெட் முழுக்க நுண்ணிய வெட்டுகள் இருக்கும், அந்தக் கட்டைகள் வெயிலில் வளைவில் நெளியும். டிராக்கில் அதைக் கொண்டுபோனால் ஒரே நாளில் பிய்ந்துவிடும். வருடத்தில் இரண்டு நாள் பனி பெய்தால் ரயிலில் போகட்டும்.

பிராண்ட்ஸ்_பக்தன்

மழைக்கோட்டோடு நான் ஒத்துப்போகிற இடம் இது ஒன்றுதான். ஆனால் பாருங்கள், வெயிலில் நெளியும், டிராக்கில் பிய்யும் என்று ஆல் சீசனைத் தள்ளுகிறீர்கள். நான் ரெயின்ஸ்போர்ட்டைத் தள்ளியதும் இதே காரணத்துக்குத்தான். அதற்கு மட்டும் மன்னிப்பா?

மழைக்கோட்டு

அளவில் வித்தியாசம் இருக்கிறது. ஆனாலும் கேள்வி நியாயமானது, ஒப்புக்கொள்கிறேன். அதனால் நடுவில் ஒன்று சொல்கிறேன்: இந்த அளவில் கிடைக்கிற நடுத்தர விலை சம்மர் டயர். பால்கன், கும்ஹோ, ஹான்குக் எதுவாக இருந்தாலும் சரி. சைடுவால் ரெயின்ஸ்போர்ட்டை விடக் கெட்டி, மழையிலும் பயமில்லை. டிராக்கில் ராஜா இல்லை, ஆனால் வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை டிராக் போகிறவருக்கு ராஜா தேவையும் இல்லை. பிடிப்பு கொஞ்சம் குறைந்த டயர் 50 மைல் வேகத்திலேயே வழுக்க ஆரம்பித்துச் சொல்லிவிடும். ஒட்டுகிற டயர் 75 வரைக்கும் சும்மா இருந்துவிட்டு அப்புறம் சொல்லும்.

பிராண்ட்ஸ்_பக்தன்

75-இல் சொல்லட்டும், அதற்குத்தான் பணம் கட்டிப் போகிறோம்.

பேரம்_பாண்டி

205 அகலம் போட்டால்? பிடிப்பு தானாகக் கூடுமே. அதே 15 அங்குல ரிம்மில் 205/50 ஏறும் என்கிறார்கள்.

எண்கணக்கு

ஏறும். ஆனால் லேசான காருக்கு அகல டயர் போட்டால் தேங்கிய நீரில் சீக்கிரம் மிதக்கும், எடை பரவிவிடுகிறது. சுற்றளவும் மாறுவதால் ஸ்பீடோ கணக்கு கொஞ்சம் நகரும். இன்சூரன்ஸ் கம்பெனியிடமும் சொல்ல வேண்டும். சொல்லாமல் போட்டுவிட்டு விபத்து நேரத்தில் அவர்களோடு வாதாடுவது தேவையில்லாத வேலை. டிராக் டேயும் சாதாரண பாலிசியில் அடங்காது, ராசு. அதற்குத் தனிக் காப்பீடு.

ஹாரோ_அண்ணை

ராசுத் தம்பி, எல்லோரும் பெயர்களைப் பற்றியே கதைக்கிறார்கள். நான் ஒன்று கேட்கிறேன். வீல் அலைன்மென்ற், அதாவது சக்கரக் கோணத் திருத்தம், கடைசியாக எப்போது செய்தது? முந்தின ஆளிடம் பில் இருக்கிறதா?

இந்தக் காரின் பெரிய சிறப்பே நாலு சக்கரத்துக்கும் கேம்பர் (சக்கரம் சாய்கிற கோணம்), டோ (சக்கரம் பார்க்கிற திசை) இரண்டையும் திருத்தலாம் என்பதுதான். பெரிய தலையிடியும் அதுதான். இங்கே குளிர்காலத்தில் ரோட்டில் உப்புப் போடுகிறார்கள். இருபது வருசத்துக்கு மேல் பழைய கார் என்றால் அந்தத் திருத்துகிற போல்ற் எல்லாம் துருப்பிடித்து இறுகியிருக்கும். கடைக்காரன் முன் டோவை மட்டும் சரிபண்ணிவிட்டு முழுக்காசும் வாங்குவான். பின்னால் இரண்டு சக்கரமும் இரண்டு திசை பார்த்துக்கொண்டிருக்கும். அந்தக் காருக்கு எந்த ரயர் போட்டாலும் ஈரத்தில் வால் போகும்.

அப்புறம் காற்று. இந்தக் காரின் கதவோரத்து ஸ்ரிக்கரில் 26 பிஎஸ்ஐ என்றுதான் இருக்கும். கடைகளில் பழக்கதோசத்தில் 32, 34 அடித்து அனுப்புவார்கள். லேசான கார், 34 அடித்தால் நடுப்பகுதி மட்டும்தான் ரோட்டைத் தொடும். இன்றைக்கே அளந்து பாருங்கோ, செலவில்லாத வேலை.

ரெடிங்_ராசு

அண்ணை, பெட்ரோல் பங்கில் அளந்தேன். முன்னால் 33, பின்னால் 35. நாலையும் 26-க்கு இறக்கியதும் ரவுண்டானாவில் நடத்தை மாறியது உண்மை. டயர் கிழடுதான், வால் இன்னும் போகிறது, ஆனால் முன்பு போல் சட்டென்று இல்லை.

அலைன்மென்ட்டுக்கும் ஒரு இடத்தில் கேட்டேன். முன்னால் சரி, பின்னால் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கீழ் ஆர்ம் போல்ட் இரண்டு பக்கமும் அசையவில்லையாம். அறுத்து எடுத்துப் புது போல்ட், அதைச் சுற்றிய ரப்பர் புஷ் போட வேண்டும் என்கிறார்கள். அதற்கே என் 300-இல் பாதிக்கு மேல் போய்விடும்.

பிராண்ட்ஸ்_பக்தன்

முதலில் டயர். போல்ட் எங்கேயும் ஓடிப்போகாது.

ஹாரோ_அண்ணை

முதலில் போல்ற்தான். கோணல் சக்கரத்தில் புது ரயர் போட்டால் உள் ஓரம் சில மாதத்தில் தேய்ந்துவிடும். ஆர்1ஆர் மாதிரி மெதுரப்பர் இன்னும் கெதியில் போகும். விலை கூடின ரயரைக் கோணலில் ஓட்டித் தேய்ப்பதா?

மழைக்கோட்டு

அண்ணை சொல்வதுதான் சரி. அதுவரை மழை நாளில் அந்த 2013 டயரோடு மெதுவாகப் போங்கள். எஞ்சினை ரெட்லைன் வரை விரட்ட வேண்டாம்.

பிராண்ட்ஸ்_பக்தன்

இப்படியே பேசிப் பேசி ஸ்போர்ட்ஸ் காரை பஸ் பாஸாக மாற்றிவிட்டீர்கள். ராசு, இதையும் கேளுங்கள். போல்ட் மாற்றுங்கள், தினசரிக்கு மழைக்கோட்டு சொல்லும் நடுத்தர டயர் போடுங்கள். பழைய எம்எக்ஸ்-5 ரிம் நாலு மலிவாகக் கிடைக்கும், அதில் பிறகு ஆர்1ஆர் மாட்டி வைத்துக்கொண்டு டிராக் நாளுக்கு மட்டும் போடலாம். இரண்டு செட் வைத்திருப்பவனுக்கு இந்தச் சண்டையே கிடையாது.

ரெடிங்_ராசு

முதல் மாடி பிளாட், ஷெட் இல்லை. இப்போதே ஸ்பேர் வீல் பால்கனியில் இருக்கிறது, வீட்டில் ஏற்கெனவே பேச்சு. இந்த மாதம் போல்ட்டும் அலைன்மென்ட்டும். சம்பளம் வந்ததும் அடுத்த மாதம் நடுத்தர சம்மர் டயர் நாலு, எல்லாம் ஒரே பெயரில். கும்ஹோவா பால்கனா என்று அப்போது வந்து கேட்கிறேன்.

பிராண்ட்ஸ்_பக்தன்

பால்கன்.

மழைக்கோட்டு

கும்ஹோ.