முகாமில் சர்க்கரை 260 என்றார்கள். அதற்கு அப்புறம்?

கொழுந்துக்கூடை:
அம்மாவுக்கு 62 வயது. வால்பாறைப் பக்கம் எஸ்டேட் லைன் வீட்டில் அண்ணனோடு இருக்கிறார். இரண்டு மாதம் முன்பு ஒரு மருத்துவ முகாமில் சர்க்கரை 260, பிரஷர் 170/100 என்றார்கள். பதினைந்து நாள் மாத்திரை கொடுத்து, வெறும் வயிற்றில் ரத்தம், ஹெச்பிஏ1சி, கண் பரிசோதனை என்று சீட்டு எழுதினார்கள். சீட்டு இன்னும் அரிசி டப்பாவுக்குள் இருக்கிறது.

நான் திருப்பூரில். என் மாமியாருக்கும் முகாமில்தான் தெரிந்தது. இங்கே மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்து அக்கா வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து மாத்திரை தருகிறார். ஒரு நாள் தள்ளிப்போனால் மாமியார் போன் போட்டு அதட்டுவார்! அம்மாவைத் தேடி யாரும் வரவில்லை. முதல் பஸ் பிடித்தாலும் டவுன் போய்ச் சேர பத்தரை. விடியுமுன் நடக்கலாமென்றால் சிறுத்தை. இரண்டு தடவை கிளம்பியும் பசி தாங்காமல் டீயும் பன்னும் சாப்பிட்டுத் திரும்பிவிட்டார். கண்ணுக்குப் பொள்ளாச்சி போகச் சொல்கிறார்கள். 40 கொண்டை ஊசி வளைவு, ஆழியாறு வருமுன்னே வாந்தி. என்ன செய்யலாம்?

வெள்ளைச்சட்டை (செவிலியர்):
மாத்திரை தீர்ந்து ஒன்றரை மாதம் ஆகிறதா? முதலில் அதைப் பாருங்கள், சகோதரி. ஹெச்பிஏ1சிக்கு வெறும் வயிறு தேவையே இல்லை. அது இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி. டீ, பன் சாப்பிட்டுவிட்டே பத்தரைக்கு ரத்தம் கொடுக்கலாம். பிரஷரையும் அங்கேயே மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். கண்ணைத் தள்ளிப்போடாதீர்கள், விழித்திரை கெடுவது ஆரம்பத்தில் தெரியவே தெரியாது. இன்னொன்று, முகாமில் அம்மா எந்த முகவரி கொடுத்தார்?

அண்ணாநகர்வாசி:
மலைதான் காரணம் என்று நினைக்காதீர்கள். சென்னையில் பணம் கட்டி மாஸ்டர் செக்கப் செய்தேன். பரிசோதனைக்கு முன் மூன்று போன், நினைவூட்டல், வாழ்த்து எல்லாம் வந்தது. முடிந்ததும் வாட்ஸப்பில் 14 பக்க பிடிஎஃப் மட்டும். கொழுப்புக்கு நேரே சிவப்பு எழுத்து. அதைப் படித்துச் சொல்ல யாருமில்லை. உங்கள் மாமியாருக்கு வாய்த்த அக்கா எனக்கு இல்லை!

கொழுந்துக்கூடை:
வெள்ளைச்சட்டை அக்கா, நீங்கள் முகவரி கேட்டபிறகுதான் அண்ணனிடம் விசாரித்தேன். அம்மாவின் ஆதாரில் திண்டுக்கல் பக்கம் அப்பாவின் ஊர். அதைத்தான் முகாமிலும் காட்டியிருக்கிறார். அங்கே பூட்டிய வீட்டை யாராவது தட்டிக்கொண்டிருக்கிறார்களோ என்னவோ.

வெள்ளைச்சட்டை (செவிலியர்):
எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இப்படி நிறையப் பார்க்கிறேன். சீட்டோடு அம்மா இருக்கும் இடத்து நிலையத்துக்குப் போய், பெயரை அங்கே பதியச் சொல்லுங்கள். லைன் நம்பரையும் எஸ்டேட் டிவிஷனையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். அண்ணன் போன் நம்பரும் அவசியம்.

கொழுந்துக்கூடை:
வியாழக்கிழமை அண்ணனுக்கு லீவு, கூட்டிப்போகிறார். அம்மாவின் ஒரே கேள்வி: "அப்போ அன்னிக்கு பன் சாப்பிடலாம்ல?"