மானுக்கு விதைத்த ஓட்ஸும் கிளோவரும் மஞ்சளாகுது, யூரியா போடலாமா?

புல்வெளி:
காட்டோரம் 25 சென்ட் ஓட்ஸ், ஒட்டியே 25 சென்ட் வெள்ளைக் கிளோவர் (பயறு வகைத் தீவனச் செடி). விதைத்து ஐந்து வாரம். ஓட்ஸ் அரையடி உயரத்தில் தூர் கட்டுது, அடி இலைகள் மட்டும் மஞ்சள். கிளோவர் முழுக்க வெளிறிக் கிடக்கு. அடியுரம் போடலை. மண் பி.எச். 5.6. ரெண்டுக்கும் சேர்த்து யூரியா வீசலாமா?

ஈரமண்:
ஓட்ஸுக்கு மட்டும் போடுங்க. அடி இலையிலிருந்து மஞ்சள் ஏறினால் பெரும்பாலும் தழைச்சத்துக் (நைட்ரஜன்) குறைதான். தூர் கட்டும் இந்தப் பருவம்தான் மேலுரத்துக்குச் சரியான நேரம். 25 சென்ட்டுக்கு 10 கிலோ யூரியா போதும், அதில் 4.6 கிலோ தழைச்சத்து இருக்கு. ஐந்து கிலோவை நீளவாக்கில், மீதி ஐந்தைக் குறுக்காக வீசினால் பட்டை பட்டையாகப் பச்சை தெரியாது. பனி காய்ந்த பிறகு வீசுங்க, ஈர இலையில் ஒட்டும் குருணை இலையைக் கருக்கும். மறுநாளுக்குள் அரை அங்குல மழையாவது பெய்யும் என்றால் மட்டும் இறங்குங்க. மழையில்லாமல் வெறும் ஈரத்தில் கிடந்தால் அம்மோனியாவாகக் காற்றோடு போய்விடும். கொட்டும் மழையும் ஆகாது, ஓடைக்கு அடித்துக்கொண்டு போகும்.

கிளோவருக்கு யூரியா போட்டால் வளர்வது களைப்புல்தான். நாலைந்து செடியை மண்ணோடு தோண்டி வேரைப் பாருங்க. முடிச்சை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு தெரியணும். முடிச்சே இல்லை, அல்லது உள்ளே வெளுத்திருக்கு என்றால், காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குத் தரும் ரைசோபியம் பாக்டீரியா வேரில் பிடிக்கலை. 5.6 பி.எச். என்பது புளிப்பு மண், அதில் அது எதிர்பார்க்கக் கூடியதே.

புல்வெளி:
அப்போ புளிப்பைக் குறைக்கச் சுண்ணாம்பு இப்பவே தூவலாமா? மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) குறைவு என்றுதான் பரிசோதனையில் வந்தது.

கொழுமுனை:
தூவலாம், ஆனால் மேலாகத் தூவிய சுண்ணாம்பு கீழே இறங்க மாதக்கணக்கில் ஆகும். இந்தப் பயிருக்கு உதவும் என்று நம்பாதீங்க. யூரியாவோடு சேர்த்துப் போடவே கூடாது, அம்மோனியா இழப்பு இன்னும் கூடும். இரண்டு வாரமாவது இடைவெளி விடுங்க. மணிச்சத்து மண்ணில் நகராது. அடுத்த விதைப்புக்கு முன் உழவில் கலந்தால்தான் வேருக்கு எட்டும்.

ஈரமண்:
இன்னொன்று, ஒரு மீட்டர் அகலத்துக்குக் கம்பி வலைக் கூண்டு ஒன்றை ஓட்ஸில் ஊன்றிவையுங்க. கூண்டுக்குள் பயிர் எழும்பி வெளியே கட்டையாகவே நின்றால் உரம் வேலை செய்யுது, மான்தான் மேய்ந்து தள்ளுது என்று அர்த்தம். அதற்கு மேலும் யூரியா கொட்டிப் பயனில்லை.

கொழுமுனை:
மூட்டை பிரித்த இடத்தில் குவியலாகச் சிந்தியதைக் கையோடு அள்ளிடுங்க. யூரியாவை மொத்தமாக நக்கினால் அசைபோடும் விலங்குக்கு அது விஷம், மானும் அதில் சேர்த்தி. காலிச் சாக்கையும் வயலில் விடாதீங்க.