சாரா பர்சர்: ஓவியம் மட்டும் எழுதி ஒரு பெண் செல்வந்தராக முடிந்ததா?

கேள்வி:
அயர்லாந்தின் உருவப்பட ஓவியர் சாரா பர்சர் (1848–1943) தம் தூரிகையாலேயே பெரும் பொருள் ஈட்டியதாகச் சொல்கிறார்களே, அக்காலத்தில் அது எவ்வாறு இயன்றது?

பதில் 1:
1873-இல் தந்தையின் மாவு ஆலைத் தொழில் நொடித்துப்போனதால், சம்பாதித்தே தீர வேண்டிய நிலைக்கு வந்த அவர், டப்ளினில் ஓவியம் பயின்று, பின்னர் பாரிஸின் ஜூலியன் அகாதமியில் சில மாதங்கள் பயிற்சி பெற்றுத் திரும்பினார். ஸ்லைகோ பகுதியின் கோர்-பூத் குடும்பத்துச் சிறுமியர் கான்ஸ்டன்ஸ், ஈவா இருவரையும் 1880-இல் அவர் வரைந்த படம் மேட்டுக்குடியினரின் வாசல்களைத் திறந்துவிட்டது. பிரிட்டிஷ் பிரபுக்களிடையே தாம் தட்டம்மை போலப் பரவியதாக அவரே கேலியாகச் சொல்வாராம். அந்த நாக்கின் கூர்மைக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

பதில் 2:
நண்பரே, தூரிகை மட்டும் என்பது சற்று மிகை. ஈட்டிய பணத்தைக் கின்னஸ் என்ற பீர் நிறுவனத்தின் பங்குகளில் முதலீடு செய்ததுதான் அவரைச் செல்வந்தராக்கியது.

பதில் 3:
அச்செல்வத்தை அவர் செலவிட்ட விதமே முக்கியமானது என்பேன். 1903-இல் அயர்லாந்து நாடகாசிரியர் எட்வர்ட் மார்ட்டினின் தூண்டுதலால் 'அன் டூர் க்ளோன்யா' என்ற வண்ணக் கண்ணாடிப் பட்டறையைத் தொடங்கி, வெளிநாட்டிலிருந்து தேவாலயச் சாளரங்களைத் தருவிக்கும் வழக்கத்துக்கு மாற்றாக உள்ளூர்க் கலைஞர்களை, குறிப்பாகப் பெண்களை, வளர்த்தெடுத்தார். அயர்லாந்தின் கலைஞர் அமைப்பான ராயல் ஹைபர்னியன் அகாதமியோ, எழுபதைக் கடந்த அவரை 1924-இல்தான் முழு உறுப்பினராக ஏற்றது. அந்நிலையை எட்டிய முதல் பெண் அவரே.